கடல்நீர் வயலுக்கு வராது

ஞாயிறு மாலை. சிங்கப்பூரின் தேக்காவில், ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய புல்தரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞரின் கைப்பேசியில், திண்டுக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிக் வண்டியின் இரைச்சலை மீறி அவருடைய தம்பி கத்தினார்: "அண்ணே, அறுநூறு அடி தாண்டிருச்சு. வெறும் புகைதான் வருது. நிறுத்திரச் சொல்லவா?" திரை முழுக்கச் சாம்பல் நிறப் பாறைத்தூள். "இன்னும் இருநூறு அடி போடச் சொல்லு, பணம் நாளைக்கு அனுப்புறேன்" என்றார் இவர். பிறகு என் பக்கம் திரும்பினார்: "இங்க கடல் தண்ணியவே குடிதண்ணி ஆக்குறாங்க. நம்ம ஊருக்கும் அந்த மிசின் வந்துட்டா கவலை இல்லண்ணே."

அவரை நான் குறை சொல்லவில்லை. படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: 'ஆறும் கிணறும் இல்லாத சிங்கப்பூரே சமாளித்துவிட்டது; நிலத்தடி நீர் வற்றினால் என்ன, தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும்.' இது தவறான நம்பிக்கை. ஊரில் மிச்சமிருக்கும் நீரையும் உறிஞ்சித் தீர்க்க அது துணிச்சல் கொடுக்கிறது. அதனால் ஆபத்தான நம்பிக்கையும்கூட.

சிங்கப்பூர் சாதித்தது உண்மை. 2003-இல் கழிவுநீரைச் சுத்திகரித்த புதுநீர் வந்தது; 2005-இல் துவாஸில் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை திறந்தது; இன்று அப்படி ஐந்து ஆலைகள். ஆனால் அந்த நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். வீட்டுக் குழாய்க்கு, தொழிற்சாலைக்கு, அலுவலகத்துக்கு. நெல்வயலுக்கு ஒரு சொட்டும் போவதில்லை. இந்தத் தீவில் நெல்வயலே கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு போகம் நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஏக்கருக்கு ஏறத்தாழ 4,850 கன மீட்டர். 2025 ஏப்ரல் முதல் இங்கே சாதாரண வீட்டுக்குக் குழாய்நீர் ஒரு கன மீட்டர் 3 வெள்ளி 24 காசு. அந்த விலையில் ஒரு ஏக்கருக்கு நீர் பாய்ச்சினால் 15,000 வெள்ளிக்கு மேல் ஆகும். அந்த ஏக்கரில் விளையும் நெல்லை விற்றால் ஆயிரம் வெள்ளி தேறுவதே கடினம். இந்தியாவில் நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீரில் 87 விழுக்காடு பாசனத்துக்குப் போகிறது. அந்த இடத்தை எந்த ஆலையாலும் நிரப்ப முடியாது.

அப்படியானால் சிங்கப்பூர் எதைச் சாப்பிடுகிறது? உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. சிராங்கூன் சாலைக் கடைகளில் அடுக்கியிருக்கும் பொன்னி அரிசி மூட்டையிலும், தேக்கா சந்தையின் முருங்கைக்காயிலும் இருப்பது யாரோ ஒருவரின் கிணற்றுத் தண்ணீராக இருக்கலாம். நம் தட்டில் விழும் சோற்றுக்கு இன்னும் ஏதோ ஓர் ஊரின் நிலத்தடி நீரும் பொறுப்பு. அந்த ஊர் வற்றினால் நம் தட்டும் வற்றும்.

ஆலை வந்தால் நிலத்தடி நீர் மீளும் என்பவர்கள் சென்னை அருகேயுள்ள மீஞ்சூரைப் பார்க்க வேண்டும். சென்னையின் தாகத்துக்காக அந்த வட்டாரத்தில் 1960-களிலிருந்து இறைத்தார்கள்; வயல் மோட்டார்களும் ஓய்வில்லாமல் ஓடின. நன்னீர் இறங்கிய இடத்தில் கடல் புகுந்து, பல கிலோமீட்டர் உள்ளே கிணறுகள் உவர்த்துப்போயின. 2010-இல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் ஆலை வந்தது. சென்னைக்குக் குடிநீர் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் அதனால் உவர்த்த கிணறுகள் இனித்துவிடவில்லை.

'இன்னும் இருநூறு அடி' என்பதும் இதே நம்பிக்கையின் இன்னொரு முகம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை. அங்கே நீர் தங்குவது மேலே சிதைந்த பாறையிலும் அதன் விரிசல்களிலும். கீழே போகப் போக விரிசல் குறைந்துகொண்டே போகும். அப்படியே தண்ணீர் தட்டினாலும், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போயிருக்க வேண்டியது நம் குழாய்க்கு வருகிறது, அவ்வளவுதான். அப்புறம் பக்கத்துக்காரர் ஆயிரம் அடி போடுவார். நிலம் என்னுடையது, அடியிலுள்ள நீரும் என்னுடையது என்ற எண்ணத்தைச் சட்டமும் தடுக்கவில்லை. தமிழ்நாடு 2003-இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் ரத்தானது.

சிங்கப்பூரிடம் கற்க வேண்டியது வேறு. 1963-இல் வறட்சி வந்தபோது இங்கே பல மாதம் தண்ணீரை அளந்துதான் விட்டார்கள். அந்தப் பயத்தை இந்நாடு மறக்கவில்லை. வீட்டுக்கு வீடு மீட்டர், பயன்பாட்டுக்கு ஏற்ற கட்டணம், மழைநீர் முதல் கழிவுநீர் வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பாகப் பொதுப் பயனீட்டுக் கழகம். தேக்காவில் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. இயந்திரம் பிறகு வந்தது. கணக்கு முதலில் வந்தது.

கணக்கு வைக்கப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிராவின் ஹிவ்ரே பஜார் கிராமம் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதையே தடுத்தது. கரும்பும் வாழையும் வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, ஊர் கூடி, எந்தப் பயிர் எவ்வளவு என்று தீர்மானிக்கிறது. வறண்டு கிடந்த ஊர் இன்று தண்ணீருள்ள ஊர்.

இங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் அண்ணன்மாரே, தம்பிமாரே, அந்தப் பணம் நீங்கள் வெயிலில் நின்று சம்பாதித்தது. அதைப் பாறைத்தூளாகப் பறக்கவிடாதீர்கள். கண்மாய் தூர்வார, சொட்டுநீர் போட, வரகுக்கும் உளுந்துக்கும் மாற அனுப்புங்கள். அடுத்த முறை 'நிறுத்திரச் சொல்லவா?' என்று தம்பி கேட்டால், பதில் சொல்லுமுன் ஒன்றை விசாரியுங்கள்: பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, போன வருடம் எத்தனை அடியில் நின்றது?