கூட்டை வைத்துக்கொண்டு உயிரை எறிவதா?

வில்கமுவவில் சில்லறைக் கடை நடத்திய என் தந்தையார் விட்டுச்சென்ற பொருள்களில் ஒன்று, நான்கு கால்களில் நிற்கும் ஒரு மரப்பெட்டித் தொலைக்காட்சி. கறுப்பு வெள்ளைப் படம் காட்டுவது. அதைச் சீர்செய்ய வேண்டும் என்று சொன்னதுமே நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். "உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தட்டைத் திரையைப் பொருத்து, பழைய அழகும் புதிய வசதியும் கிடைக்கும்" என்றது ஒரு கட்சி. "தொடாதே, துடைத்து அலங்காரமாக வை" என்றது மறு கட்சி. இரண்டையும் நான் மறுக்கிறேன். ஒருவர் உயிரை எறிந்துவிட்டுக் கூட்டைப் போற்றுகிறார். மற்றவர் பிணத்துக்கு மாலை சூட்டுகிறார்.

இது என் வீட்டு வரவேற்பறைப் பிரச்சினை மட்டுந்தானா?

நம் நாட்டில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15ஆம் நாள், ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி வந்தது, வண்ணத்திலேயே வந்தது. ஆனால் கிராமங்களில் இருந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே. மின்கம்பி எட்டாத வீடுகளில் மோட்டார் வண்டியின் பற்றரியைக் கொண்டு சிறு பெட்டிகளை இயக்கினார்கள். அது தீர்ந்ததும் சைக்கிளில் கட்டி மின்னேற்றக் கொண்டுபோனார்கள். வண்ண ஒளிபரப்பு வந்தபோது அந்த ஏழைகளின் திரை இருண்டுவிட்டதா? இல்லை! அதே ஒளிபரப்பை அவர்களும் பார்த்தார்கள்.

எப்படி? 1938இல் ஜார்ஜ் வலான்சி என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் ஒரு வழி கண்டார். படத்தின் ஒளியளவை ஒரு குறிகையாகவும், நிறத்தை வேறொரு குறிகையாகவும் பிரித்து அனுப்புவதே அது. புதிய பெட்டி இரண்டையும் ஏற்கும். பழைய பெட்டி ஒளியளவை மட்டும் எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டுவிடும். 1960களில் ஜெர்மனியில் வால்டர் புரூக் உருவாக்கிய பால் முறையும் இதே அடிப்படையில் நின்றது. ரூபவாஹினி கைக்கொண்டதும் அம்முறையே. பார்வையாளரை இழக்க விரும்பாத வணிகக் கணக்கும் இதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் பழையதை வைத்திருப்பவனைத் தெருவில் தள்ளாமலே புதுமை வர முடியும் என்பதை அது மெய்ப்பித்துக் காட்டிற்று.

டிஜிட்டல் ஒளிபரப்போ அந்த உறவை முறித்துவிடுகிறது. இடையில் ஒரு மாற்றுக் கருவி இல்லையேல் பழைய பெட்டிக்கு அது வெறும் இரைச்சல். இலங்கை 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது. அதே ஜப்பான் 2011இல் பழைய ஒளிபரப்பை நிறுத்தியபோது, வறிய குடும்பங்களுக்கு மாற்றுக் கருவியை இலவசமாகக் கொடுத்தது. சந்தையே தெய்வம் என்னும் அமெரிக்காகூட 2009இல் வீட்டுக்கு இரண்டு வரை, நாற்பது டொலர் மதிப்புள்ள சீட்டுகளை வழங்கிற்று. இயந்திரத்தை மட்டும் இறக்கிவிட்டு, ஏழைக்கான ஏற்பாட்டைக் கப்பலிலேயே விட்டுவிடுவதா?

"கைபேசி இருக்கும்போது தொலைக்காட்சி எதற்கு?" என்பார் சிலர். கைபேசியில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. வானலையில் வரும் படத்துக்குக் கட்டணம் இல்லை. வெள்ள எச்சரிக்கையும் கல்வி ஒளிபரப்பும் காசுள்ளவனுக்கு மட்டுந்தானா?

இனி, என் பெட்டியின் கதை. வானொலி திருத்தும் முதியவர் ஒருவர் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. உலர்ந்துபோன கொள்ளளவிகளை மாற்றினார். படக்குழாய் நல்ல நிலையிலேயே இருந்தது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் படக்குழாயில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பழகாதவர் கை வைக்கலாகாது. அந்த எச்சரிக்கையை அவர் எனக்குச் சொல்லித் தந்ததும் கல்விதானே? இன்றைய கருவியின் படத்தைப் பழைய அலைவரிசைக்கு மாற்றித்தரும் சிறு பெட்டி ஒன்றை வெளியே இணைத்தோம். கோடுகள் நடுங்கின, பின்னர் ஒரு முகம் தெளிந்தது. எதையும் பிடுங்கி எறியாமலே பழையதும் புதியதும் கைகோத்துக்கொண்டன.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! இன்று விற்கப்படும் பொருள்கள் பல, திறக்க முடியாதபடி ஒட்டப்பட்டே வருகின்றன. திறக்கத் தெரியாத தலைமுறை வாங்க மட்டுமே தெரிந்த தலைமுறையாகிவிடும். உங்கள் ஊர்த் திருத்துநரை ஒருநாள் வகுப்பறைக்கு அழையுங்கள். அவர் அறிவு அவரோடு மண்ணுக்குள் போய்விடலாகாது. பழைய ஒளிபரப்பு நிறுத்தப்படும் நாளுக்கு முன்பே, ஒவ்வொரு வறிய வீட்டுக்கும் மாற்றுக் கருவி என்று உங்கள் சங்கங்களில் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

வலான்சி 1938இல் மறக்காத பழைய பெட்டிக்காரனை நாம் மறக்கலாமா?