நடைக்குத் துவக்கு எதற்கு?

விடுமுறைக்குத் தாயகம் வரும் அன்பர்கள் சிலர், ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களில் நாள்தோறும் நடை செல்ல எந்தத் துவக்கு உகந்தது என்று வினவுகின்றனர். சிறுத்தை பற்றிய செய்திகள் தந்த அச்சம் போலும். எதுவும் வேண்டாம் என்பதே எனது விடை.

சட்டம் எளிது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். 1988இல் தேசிய பூங்காவான ஹோர்ட்டன் சமவெளிக்குள் அதைக் கொண்டுசெல்லவே முடியாது. சிறுத்தையோ பாதுகாக்கப்பட்ட விலங்கு.

மலையகத்தில் துவக்கு என்றும் துரைமாரின் பொருளாகவே இருந்துவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பேர்பெற்ற மேஜர் ரோஜர்ஸ், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவரது கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. யானைகள்தாம் அம்மேட்டுநிலத்தில் இல்லை. தோட்டத் தொழிலாளி துவக்கைக் கண்டதெல்லாம் அதன் எதிர்ப்பக்கத்தில் நின்றுதான். 1940இல் முல்லோயாவில் கோவிந்தனும், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணனும் பொலிஸாரின் சூட்டுக்கு இரையானவர்கள்.

சிறுத்தை பெரும்பாலும் மனிதனைக் கண்டால் ஒதுங்கிவிடும். விடியற்புலரியிலும் அந்தியிலும் தனியே செல்லாதிருங்கள். பேசிக்கொண்டோ தடியைத் தட்டிக்கொண்டோ செல்லுங்கள். இருட்டினால் டோர்ச் வேண்டும். எதிர்ப்பட்டால் ஓடாமல், முகம் திருப்பாமல் மெல்லப் பின்வாங்குங்கள். நாயை அழைத்துச் செல்லவேண்டாம். அது சிறுத்தையின் விருப்ப இரை.

உண்மையில் நடப்பவர் அஞ்சவேண்டியது கட்டுத்துவக்குக்கு. மரத்தில் கட்டிவைத்த அந்தக் கருவிக்குப் பன்றி யார், மனிதர் யார் என்று தெரியாது. கம்பிச் சுருக்கும் அத்தகையதே. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், லக்ஷபான தோட்டத்தில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் சில நாட்களில் உயிர்விட்டது. அரிதினும் அரிதான விலங்கு! மரக்கறிப் பாத்திகளைப் பன்றியிடமிருந்து காக்க நினைக்கும் ஏழையை மட்டும் இதற்காகக் குற்றஞ்சாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேலிக்கு உதவுவார் இல்லாத இடத்தில் கம்பிதான் மலிவு.

குளவியை எந்தத் துவக்கால் சுடுவது? கொழுந்து பறிக்கும் பெண்களை மருத்துவமனைக்கு அனுப்புவதும், சில வேளைகளில் அவர்களது உயிரையே பறிப்பதும் குளவிதான். அவர்கள் பொழுதுபோக்குக்கு நடப்பவர்களல்லர். பிரட்டுக்குப் பின் நாள் முழுவதும் அந்தச் சரிவுகளில் நிற்பவர்கள். வேலைக்குமுன் மலையிலுள்ள கூடுகளைத் தேடி அகற்றுவதும், லயங்களைச் சூழ்ந்த பற்றைகளை வெட்டுவதும், கொட்டுண்டவரைக் கொழுந்து லொறிக்காகக் காக்கவைக்காமல் அம்புலன்ஸில் ஏற்றுவதும் தோட்ட நிர்வாகங்களின் கடமை. துவக்குக்குச் செலவிட எண்ணிய பணம் கையில் இருக்குமாயின், உங்கள் ஊர்த் தோட்டத்து மருந்தகத்தில் குளவிக்கடிக்கு மருந்து இருக்கிறதா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.