இறந்து பிறந்த பிள்ளைக்கும் ஒரு தாள் கொடு!



இந்தப் பதிவில் பொதுக்கூட்டம் இல்லை, தேர்தல் இல்லை. நம்ம வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம். ரெண்டு நிமிஷம் ஒதுக்கி வாசிங்க.

நம்ம ஊர்த் தம்பி ஒருத்தர் கொஞ்ச நாளைக்கு முன்னால் நம்மைத் தேடி வந்தார். அவர் மனைவிக்கு மில்லு வேலை. 27 வாரம் முடிஞ்ச நேரம், வயித்துல பிள்ளை அசைவு நின்னுபோச்சு. வலி வரவச்சுத்தான் பிரசவம் பார்த்தாங்க. பொம்பளப் புள்ள. துணியில சுத்திக் கையில கொடுத்தாங்க, அன்னைக்கு ராத்திரியே ஓடைக்கரையில அடக்கம் பண்ணிட்டாங்க. அந்தப் பொண்ணுக்குப் பால் கட்டி ஒரு வாரம் காய்ச்சல்.

அப்புறம் லீவு, ஈ.எஸ்.ஐ. பணம்னு கேக்கப் போனா, பிரசவம் ஆனதுக்குப் பேப்பர் கேட்டாங்க. பேப்பர் வாங்கப் போன இடத்துல, "28 வாரம் ஆகலையே, ரிஜிஸ்டர்ல ஏத்த முடியாது"ன்னு பதில். தம்பி நம்மகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அண்ணே, அப்ப எம்புள்ள பொறக்கவே இல்லையா?"

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டை இணைச்சு மனு எழுதிக் கொடுத்தோம். ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் மனுவில் கிடைக்காது, சட்டத்துலதான் தேடணும்.

சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969. அதன் 2ஆம் பிரிவில் 'பிறப்பு' என்றால் உயிரோடு பிறப்பதும், உயிரற்றுப் பிறப்பதும் இரண்டும்தான். ஆக, இறந்து பிறந்தாலும் அது பிறப்புதான்னு 1969லயே எழுதி வச்சாச்சு. 12ஆம் பிரிவின்படி, பதிவு முடிந்ததும் தகவல் கொடுத்தவருக்குக் கட்டணம் வாங்காமல் சான்று தரவேண்டும். இதுவரைக்கும் சரி.

கோளாறு விதியில வருது. மத்திய அரசு 1999இல் அனுப்பிய மாதிரி விதிகளில் உயிரற்ற பிறப்பைத் தெரிவிக்கப் படிவம் 3 இருக்கு, அதைப் பதிய ஒரு தனிப் பதிவேடு இருக்கு, மாசாமாசம் கணக்கு அனுப்பவும் படிவம் இருக்கு. வீட்டுக்குத் தர்ற சான்றுன்னு பார்த்தா ரெண்டே ரெண்டுதான்: படிவம் 5 பிறப்புச் சான்று, படிவம் 6 இறப்புச் சான்று. இந்தப் பிள்ளைக்கு என்று ஒரு சான்றுப் படிவம் அதில் கிடையாது. படிவம் 3இல் அப்பா பேர் உண்டு, அம்மா பேர் உண்டு, ஆணா பெண்ணா உண்டு. பிள்ளைக்குப் பேர் எழுத இடம் இல்லை. அரசாங்கத்துக்கு எண்ணிக்கை வேணும், பெத்தவங்களுக்கு எதுவும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க போல.

அடுத்தது அந்த 28 வாரம். இதுவும் சட்டத்தில் இல்லை, விதியில்தான் இருக்கு. இதே நாட்டில் மகப்பேறு நலச் சட்டம், 1961 என்ன சொல்லுச்சு? 26ஆவது வாரம் வரைக்கும் போனால் அது கருச்சிதைவு. அதைத் தாண்டினால் பிரசவம். 'குழந்தை' என்ற சொல்லில் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும்னு அந்தச் சட்டமே சொல்லுச்சு. ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் அதே 26தான் இருந்தது, குழந்தை உயிரோடு இருந்தாலும் இல்லாட்டியும். அப்ப 26க்கும் 28க்கும் நடுவுல மாட்டின அந்தத் தாய்க்கு என்ன நிலைமை? தொழிலாளர் சட்டப்படி அவ பிள்ளை பெத்தவ. பதிவுச் சட்டப்படி அவளுக்கு ஒண்ணுமே நடக்கலை.

இன்னொண்ணும் கேளுங்க. பிறந்த பிள்ளையோட உடலை ரகசியமாப் புதைச்சுப் பிறப்பை மறைச்சா ரெண்டு வருஷம் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 318, இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவில் 94. பிள்ளை பிறக்கும் முன்னாடியே இறந்திருந்தாலும் இது பொருந்தும். தண்டனை கொடுக்கணும்னா மட்டும் அந்த உடம்பு சட்டத்தோட கண்ணுக்குத் தெரியுது!

2023இல் இந்தப் பதிவுச் சட்டத்தைத் திருத்தினாங்க. அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் சேர, ஓட்டுநர் உரிமம் வாங்க, வாக்காளர் பட்டியலில் சேர என எல்லாத்துக்கும் பிறப்புச் சான்று, நாடு முழுக்க ஒரே தரவுத்தளம் என்று ஏகப்பட்ட மாற்றம். இறந்து பிறந்த பிள்ளையைப் பத்தி யாரும் நினைக்கலை.

சின்ன எண்ணிக்கைன்னு நினைக்காதீங்க. ஐ.நா. அமைப்புகள் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019இல் மட்டும் இந்தியாவில் சுமார் 3.4 லட்சம் குழந்தைகள் இறந்து பிறந்தன. உலகத்திலேயே அதிக எண்ணிக்கை நமக்குத்தான். அதுவும் 28 வாரம் தாண்டினவங்க கணக்கு மட்டும்.

ஏன் இறந்துச்சுங்கிற கேள்வி இன்னும் முக்கியம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் 2017இல் தொடங்கி நம்ம தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரை ஆய்வு செய்தாங்க. கடும் வெயிலில், அனலில் வேலை செய்யுற பெண்களுக்குக் கருச்சிதைவும் இறந்து பிறத்தலும் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆபத்து என்பது அவங்க கண்டது. பட்டாசு, தீப்பெட்டி, செங்கல் சூளை, களை எடுப்புன்னு வேலை பார்க்குற நம்ம மாவட்டத்துப் பொண்ணுங்களுக்கு இது யாரோ கதை இல்லை. பிள்ளை இறந்த காரணத்தோட, அம்மா என்ன வேலை பார்த்தாங்க, எத்தனை மாசம் வரை பார்த்தாங்கன்னும் எழுதினாத்தான் நாளைக்கு ஒரு முதலாளியை, ஒரு அதிகாரியைக் கேள்வி கேட்க முடியும்.

சரி, வார வரம்பை எவ்வளவு குறைக்கலாம்? இங்கிலாந்தில் 1992இல் 28ஐ 24 ஆக்கினாங்க. அதுக்கும் முன்னால் கருவை இழந்தவங்க விரும்பினால் மட்டும் வாங்கிக்கொள்ளும் சான்று 2024 பிப்ரவரியில் வந்தது. நாம அப்படியே 24க்குப் போகச் சொல்லலை. நம்ம நாட்டில் சில சூழ்நிலைகளில் 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் அனுமதிக்குது. அதுக்குப் பிறகும், கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு அனுமதி உண்டு. அந்த முடிவை எடுத்த பெண்ணோட பேரை ஊர் ரிஜிஸ்டரில் ஏத்துறது அநியாயம். அதனால கட்டாயப் பதிவுக்கு 26 வாரம் தாண்டியது என்று வைங்க, தொழிலாளர் சட்டத்தோட ஒத்துப்போகும். மருத்துவக் குழு அனுமதியோடு நடந்ததை அதில் சேர்க்காதீங்க. அதுக்குக் குறைவானா, தாய் கேட்டால் மட்டும் சான்று. யாருக்கும் அதைக் காட்டணும்னு கட்டாயம் இருக்கக் கூடாது.

இதுக்கு நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. 30ஆம் பிரிவின்படி விதி எழுதும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கு, மத்திய அரசின் ஒப்புதல் மட்டும் வாங்கணும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் போட்டுத்தான் பின்தொடர்றாங்க. எந்தக் கர்ப்பம் எப்படி முடிஞ்சதுன்னு அரசுக்குத் தெரியாம இல்லை. பேர் எழுத ஒரு கட்டம், சான்றுக்கு ஒரு படிவம், 28 என்ற இடத்தில் 26. இவ்வளவுதான் நம்ம கோரிக்கை.

விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில், அரசுக்கு அனுப்பச் சொல்லி மனு கொடுக்கப் போறோம். சட்டமன்ற உறுப்பினரிடமும் ஒரு நகல். கையெழுத்துப் போட விரும்புறவங்க உள்செய்தியில் சொல்லுங்க. உங்க வீட்டுல இப்படி நடந்திருந்தா, பேர் போடாம எழுதினாப் போதும். 28 வாரம் தாண்டி நடந்திருந்தா, 21 நாளுக்குள்ள ஆஸ்பத்திரியில் படிவம் 3 அனுப்பிட்டாங்களான்னு கேளுங்க, வீட்டுப் பிரசவம்னா நீங்களே போய்ப் பதியுங்க. டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போடாதீங்க.