கடிவாளம் யார் கையில்?

சென்ற திங்கள் நம் கல்லூரிப் பட்டிமன்றத்தில், “வாணிபத்தில் அரசு தலையிடலாகாது” என்ற அணியில் நின்று பேசினேன், கைதட்டலும் பெற்றேன். ஆனால் எதிரணித் தோழர் கேட்ட ஒரு கேள்வி இன்றும் உறுத்துகிறது: “போட்டியாளர் அனைவரையும் ஒருவனே விழுங்கிவிட்டால், பிறகு போட்டி ஏது?”

விடை தேடி நூலகம் சென்றேன். தடையிலா வாணிபத்தின் தாயகமெனப் போற்றப்படும் அமெரிக்காவிலேயே விடை இருந்தது. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 1880 வாக்கில் அந்நாட்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கைக்குள் வைத்திருந்தது. திறமை மட்டுமா காரணம்? இரயில் கம்பெனிகளிடம் இரகசியமாகக் கட்டணத் தள்ளுபடியும் பெற்றது. தாக்குப்பிடிக்க இயலாத சிறு ஆலைகள் அதனிடமே விலைபோயின. 1890-இல் ஷெர்மன் சட்டம் பிறந்தது. 1911-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் அந்நிறுவனம் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது.

அப்படியானால் அரசு தலையிட்டாலே நன்மையா? அவசரப்பட வேண்டாம், நண்பர்களே! டான்பரி நகரத் தொப்பித் தொழிலாளர் வழக்கில், 1908-இல், அதே ஷெர்மன் சட்டம் தொழிற்சங்கத்தின் மீதே பாய்ந்தது. முதலாளிக்கெனச் செய்த விலங்கு தொழிலாளியின் கையில் ஏறிற்று! மனித உழைப்பு விற்பனைப் பண்டமன்று என அறிவிக்க, 1914-இல் கிளேட்டன் சட்டம் தேவைப்பட்டது.

மீண்டும் அப்பட்டிமன்றம் நடந்தால் எதிரணியில்தான் அமர்வேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன்: பெருநிறுவனத்துக்குச் சட்டம் கடிவாளம், அச்சட்டம் யார்மீது பாய்கிறதென விழித்திருந்து கேட்கும் குடிமக்களே அரசுக்குக் கடிவாளம். இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் மிதிபடுபவன் ஏழையே என்பது என் துணிபு.