"ஏன் புறப்பட்டீர்?"

குடும்ப வரலாறு தேடுவது இப்போது உலகம் முழுவதும் ஓய்வு பெற்றவர்களின் வேலையாகிவிட்டது. இதில் ஸ்காட்லாந்து வம்சாவளியினரை மிஞ்ச ஆளில்லை. ஐந்தாறு தலைமுறையாகக் கனடாவிலோ நியூசிலாந்திலோ இருந்துகொண்டு, "எங்கள் பாட்டனார் இன்ன கப்பலில் வந்தார்" என்று தேதியோடு சொல்வார்கள். பாய்மரக் கப்பலின் படம், குலத்துக்குரிய கட்டம்போட்ட துணி, எல்லாம் வைத்திருப்பார்கள். அவர் ஏன் ஊரை விட்டார் என்று கேட்டால் மட்டும், "சாகச மனிதர்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கப்பலின் பெயரைவிட இந்தக் காரணம்தான் முக்கியம் என்பது என் கட்சி.

நான் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். படிவத்தில் "காரணம்" என்ற கட்டம் எப்படி நிரம்பும் என்று எனக்குத் தெரியும். "சொந்த அலுவல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள், நாமும் வாங்கி வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கட்டத்தை மெனக்கெட்டு நிரப்பிய பதிவேடு ஒன்று 250 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனில் எழுதப்பட்டிருக்கிறது.

1773 டிசம்பரில் லண்டன் கருவூலத்திலிருந்து துறைமுகச் சுங்க அலுவலர்களுக்கு ஓர் உத்தரவு போயிற்று. கப்பலேறும் ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், ஊர், போகுமிடம், போகும் காரணம் ஆகியவற்றை எழுதி அனுப்ப வேண்டும். 1776 வரை ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் இப்படி ஏறியது. மக்கள்மேல் இரக்கப்பட்டுக் கேட்ட கேள்வி அல்ல இது. குத்தகைக்காரர்கள் எல்லோரும் அமெரிக்காவுக்குப் போய்விட்டால் வாரம் யார் அளப்பது, பட்டாளத்துக்கு ஆள் எங்கே கிடைப்பது என்ற கவலைதான். கேட்டவர்களின் நோக்கம் எதுவானாலும், பதில் நமக்குக் கிடைத்துவிட்டது.

அந்தப் பதில்களில் என் மனதில் நிற்பது வில்லியம் கோர்டன் என்ற கிழவரின் வாக்குமூலம். வடக்கு ஸ்காட்லாந்தில் சதர்லாந்து மாவட்டம், கிளைன் வட்டாரம். வயது அறுபதுக்கு மேல், தொழில் விவசாயம். மகன்கள் இருவர் ஏற்கெனவே கரோலினாவில் இருந்தார்கள். வாருங்கள் என்று அவர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். இவருடைய தாத்தா 8 மெர்க் குத்தகை கொடுத்த அதே நிலத்துக்கு இவர் கடைசியில் கொடுத்தது 60 மெர்க். நிலம் கைமாறும்போதெல்லாம் புது எஜமான் குத்தகையை ஏற்றினார். 1771 குளிர்காலத்தில் மாடுகளும் செத்துப் போயின. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். பிள்ளைகளின் நன்மைக்காகப் புறப்படுகிறேன், நானோ கிழவன், நொண்டி, எந்த நாட்டில் செத்தால் எனக்கென்ன என்றார். அதையும் விடாமல் எழுதிக்கொண்டார் அந்தக் குமாஸ்தா. அவருக்கு என் வணக்கம்.

இதில் சாகசம் எங்கே இருக்கிறது? அதே கப்பலில் வந்த மற்றவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். குத்தகை ஏறிவிட்டது, மாட்டு விலை இறங்கிவிட்டது, எஜமானுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருக்கிறது. தானியத்தையெல்லாம் சாராயம் காய்ச்சப் போட்டுவிடுவதால் ரொட்டி விலை தாங்கவில்லை என்றும் சிலர் சொன்னார்கள். எலிசபெத் மெக்டொனால்ட் என்ற 29 வயதுப் பணிப்பெண், கரோலினாவில் இதைவிட நல்ல வேலை கிடைக்கும் என்று முன்பே போன தோழிகள் சொன்னார்கள், அதனால் போகிறேன் என்றாள்.

அந்தக் கப்பலின் பெயர் "பேச்சலர்". பெயர்தான் பேச்சலர், ஏறியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகுட்டிக்காரர்கள். 1773 இலையுதிர் காலத்தில் சுமார் 280 பேரோடு தர்சோவிலிருந்து புறப்பட்டது. புயல் அடித்து வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் கொண்டுபோய்த் தள்ளியது. அங்கே குளிர்காலம் முழுக்க முடங்கிக் கிடந்தபோதுதான் சுங்க அலுவலர்கள் வந்து இவர்களை விசாரித்தார்கள். கப்பலைப் பழுதுபார்த்து மறுபடி கிளம்பியும் காற்று விடவில்லை. ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்துக்கே திரும்பி வந்து, பயணம் அத்தோடு கைவிடப்பட்டது. ஆட்களைத் திரட்டிய ஜேம்ஸ் ஹாக் மட்டும் வேறு கப்பலில் வட கரோலினா போய்ச் சேர்ந்து, பிற்காலத்தில் அங்கே பல்கலைக்கழகம் நிறுவியவர்களில் ஒருவராகவும் ஆனார். காசுள்ளவனுக்கு அடுத்த கப்பல் எப்போதும் உண்டு.

கரை சேர்ந்தவர்கள் பாடும் சுகமாக இல்லை. அதே 1773-இல் ஜூலை மாதம் "ஹெக்டர்" என்ற பழைய டச்சுக் கப்பல் சுமார் 190 பேரோடு புறப்பட்டு, செப்டம்பர் 15 அன்று நோவா ஸ்கோஷியாவில் பிக்டூ என்ற இடத்தை அடைந்தது. வைசூரியும் சீதபேதியும் 18 பேரைக் கொண்டுபோயின. பெரும்பாலும் குழந்தைகள். பூசணம் பிடித்ததென்று மற்றவர்கள் வீசிய ஓட்ஸ் ரொட்டித் துண்டுகளை ஒருவர் பையில் சேர்த்து வைத்திருந்தாராம். கடைசி நாட்களில் எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டார்கள். கடலோரத்தில் நிலம், ஓராண்டுக்கு இலவச உணவு என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். இறங்கிப் பார்த்தால் கரையோர நிலமெல்லாம் முன்பே பிறர் கையில், இவர்களுக்கு உள்ளே தள்ளி வெறும் காடு. ஹெக்டரின் மாதிரிக் கப்பலை 2000-ஆம் ஆண்டில் பிக்டூவில் கட்டி நீரில் இறக்கினார்கள். கப்பலில் காசில்லாமல் ஏறிய பைப்பர் வாத்தியக்காரரின் கதையை எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். ஏஜெண்ட் கொடுத்த வாக்கைப் பற்றியும் அதே அளவு பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அந்த நாடு வேறு பெயரில் பழக்கம்: அக்காதி. அங்கே குடியேறியிருந்த பிரெஞ்சு விவசாயிகளை 1755 முதல் ஆங்கிலேயர் குடும்பம் குடும்பமாகக் கப்பலில் ஏற்றித் துரத்தினார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே அந்த மண் மிக்மாக் பழங்குடியினருடையது. ஸ்காட்லாந்துக்காரர்கள் முதல் குளிர்காலங்களைத் தாக்குப்பிடிக்க அந்த மிக்மாக் மக்களின் உதவியும் இருந்தது. ஊரில் குத்தகை தாங்காமல் வந்தவர் இங்கே பிறர் மண்ணில் வேலி போட்டார். இரண்டும் ஒரே பாட்டனார்தான். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்பதும், இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறைப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

நம் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் போயின. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின், ரெயூனியோன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்களை ஏற்றிச் சென்றார்கள். அவர்களுடைய வாரிசுகள் இன்று பிரெஞ்சு பேசிக்கொண்டு இங்கே வந்து பூர்வீகம் தேடுகிறார்கள். பெயர், கப்பல், தேதி கிடைத்தால் கண்கலங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நியாயமான கண்ணீர்தான். ஆனால் அந்த வருஷம் இங்கே மழை பெய்ததா, நெல் என்ன விலை விற்றது, நிலம் யாரிடம் இருந்தது, ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி என்ன சொன்னான் என்பதையும் அவர்கள் தேட வேண்டும். நாமும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் பல பேர் வீட்டில் சைகோனுக்கோ பிரான்சுக்கோ போன பெரியவர் ஒருவர் இருப்பார். போன வருஷமும் ஏறிய கப்பலும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அதன் பக்கத்தில் காரணத்தையும் எழுதி வையுங்கள். தயவுசெய்து "சொந்த அலுவல்" என்று மட்டும் எழுதாதீர்கள்.