'ரொம்ப' சொன்னால் தமிழ் வற்றிவிடுமா?

மிகுதியைச் சொல்ல உறு, தவ, நனி, சால, கூர், கழி என்று ஆறு உரிச்சொற்களை நன்னூல் தருகிறது. அவற்றைத் தொலைத்துவிட்டு 'ரொம்ப', 'செம', 'பயங்கர' என்று மூன்றே சொல்லில் காலம் தள்ளுகிறோம் என்பது மேடைகளில் கைதட்டல் வாங்கும் புலம்பல். அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் நிற்காது.

முதலாவது, உரிச்சொற்கள் செத்துவிட்டனவாம். 'விருதுநகர் மாவட்டம்' என்று முகவரி எழுதும்போதே 'மா' என்ற உரிச்சொல்லை எழுதுகிறோம். வட்டங்கள் பல சேர்ந்தது மாவட்டம். 'சாலச் சிறந்தது' இன்றும் காதில் விழுகிறது. 'ரொம்ப'வும் வெளியூர்ச் சரக்கல்ல. 'நிரம்ப' தேய்ந்து வந்ததுதான்.

இரண்டாவது, 'பயங்கர அழகு' சினிமா கெடுத்த தமிழாம். அச்சச் சொல் புகழ்ச்சிக்கு ஆகாதாம். 'கடி' என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் பத்துப் பொருள் சொல்கிறார். அதில் அச்சமும் உண்டு, மிகுதியும் உண்டு, சிறப்பும் உண்டு. சீனர்களும் பசி மிஞ்சினால் 'செத்தேன்' என்பார்கள். ருசி மிஞ்சினாலும் அதே 'செத்தேன்'தான்.

மூன்றாவது, ஓயாமல் சொல்லி 'ரொம்ப' வலுவிழந்துவிட்டதாம். உண்மைதான், அதனால் என்ன? சீனத்தில் 'ஹென்' என்றால் 'மிக'. ஆனால் 'அவன் உயரம்' என்று சும்மா சொல்வதற்கே 'தா ஹென் காவ்' என்கிறார்கள். 'ஹென்'னை எடுத்துவிட்டால் யாரோடோ ஒப்பிடுவதுபோல் ஒலிக்கும். மிகுதி தேய்ந்து, அது வாக்கியத்துக்கு முட்டுக்கொடுக்கும் சொல்லாகிவிட்டது. நிஜமாகவே மிகுதி வேண்டுமானால் 'ஃபெய்சாங்' வருகிறது. சீனம் ஒன்றும் வற்றிவிடவில்லை. நமக்கும் 'ரொம்ப' போதாத இடத்தில் 'செம' வருகிறது.

புலம்புவோர் எண்ணாமல் விட்டவைதான் ஏராளம். சிவகாசிப் பக்கம் பட்டாசுக்கு வைக்கும் கருந்திரி கன்னங்கரேலென்று இருக்கும். தீக்குச்சியின் சிவப்பு மருந்து செக்கச்செவேலென்று இருக்கும். சுற்றக் கிடக்கும் காகிதம் வெள்ளைவெளேர். நிறத்துக்கு நிறம் தனி மிகுதி. 'ரொம்பக் கன்னங்கரேல்' என்று எவரும் சொல்வதில்லை. மிகுதி உள்ளேயே இருக்கிறது. சீனத்தில் பனிபோன்ற வெண்மையைச் சொல்லும் 'ஷுவேபாய்'க்கு முன்னாலும் 'ஹென்' வராது. பட்டப்பகல், நட்டநடு, புத்தம்புது, தன்னந்தனி, சின்னஞ்சிறு என்று இன்னும் அடுக்கலாம். இவற்றை யாரும் வகுப்பில் படித்துப் பேசவில்லை.

உரிச்சொல் பாடத்தோடு இந்தப் பட்டியலையும் வைத்து நடத்தினால், 'நனி'யை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குத் தன் ஆத்தா பேசுவதிலும் இலக்கணம் இருப்பது விளங்கும்.