தூசி தட்டச் சொன்னால் மூக்கை மாற்றுகிறார்கள்

திருவண்ணாமலை பெரிய கோயிலுக்கு 2017 பிப்ரவரி 6-ம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு முன்னால் வழக்கம்போல திருப்பணி. திருப்பணி என்றால் என்ன என்று தேரடித் தெருவில் பூக்கட்டும் பாட்டியைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார். கோபுரத்தில் முளைத்த செடியைப் பிடுங்கு, வெடிப்பை அடை, அழுக்கைக் கழுவு. அவ்வளவுதான். மூக்கு உடைந்த துவாரபாலகருக்கு "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பிடிக்கிற மாதிரி" வேறு முகம் வைக்கிறேன் என்று ஒரு காண்டிராக்டர் கிளம்பினால் ஊரே திரண்டு வந்து உதைக்கும். கல்லைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மணலைப் பீய்ச்சி அடித்து, கல்வெட்டு எழுத்தையும் சேர்த்துத் தேய்த்த கூத்து தமிழ்நாட்டுக் கோயில்களில் நடந்திருக்கிறது. அதற்கு எழுந்த எதிர்ப்பும் எல்லோருக்கும் தெரியும்.

இதே வேலையை ஒரு சினிமாவுக்குச் செய்தால்? உதை கிடையாது. விசில் கிடைக்கும்!

2013-ல் வந்த ராஞ்ஜனா படத்தின் தமிழ் வடிவம் அம்பிகாபதி. 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி அதை மறுபடி தியேட்டருக்குக் கொண்டு வந்தார்கள். ஈராஸ் நிறுவனம் செய்த வேலை என்ன தெரியுமா? கடைசியில் செத்துப்போகிற தனுஷை ஏஐ வைத்து எழுப்பி உட்கார வைத்துவிட்டார்கள். சுபம். இயக்குநர் ஆனந்த் எல்.ராய் சம்மதிக்கவில்லை, எதிர்த்தார். படத்தின் உயிரையே எடுத்துவிட்டார்கள் என்று தனுஷும் அறிக்கை விட்டார். உரிமை எங்களுடையது, சட்டப்படி சரிதான் என்றது நிறுவனம். உயிரோடு இருக்கிற இயக்குநருக்கும் நடிகருக்குமே இந்த மரியாதை என்றால், 1974-ல் காலமான பி.ஆர்.பந்துலுவின் படத்துக்கு யார் யாரிடம் போய் அனுமதி கேட்கப் போகிறார்கள்?

முதலில் ஒரு விஷயம். பழைய படத்தைப் புதுப்பிப்பது நல்ல காரியம், செய்தே ஆக வேண்டிய காரியம். ஒழுங்கான முறையில் செய்தால் அது இப்படி இருக்கும்: கேமராவில் ஓடிய மூல நெகட்டிவைத் தேடிப் பிடிப்பார்கள். கிழிந்த இடத்தை ஒட்டி, கழுவி, ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் செய்வார்கள். வினாடிக்கு 24 பிரேம். மூன்று மணி நேரப் படத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் பிரேம்கள்! ஒவ்வொன்றிலும் தூசி, கீறல், நடுக்கம் எடுத்து, மங்கிய நிறத்தை மீட்பார்கள். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்த கல்பனா (1948) இப்படித்தான் இத்தாலியின் போலோன்யா நகரத்து லேபில் புதுப்பிக்கப்பட்டு 2012-ல் கான் விழாவில் ஓடியது. சத்யஜித் ரேயின் பதேர் பாஞ்சாலி நெகட்டிவ் 1993-ல் லண்டன் லேப் தீவிபத்தில் வெந்துபோனது. அந்த எரிந்த சுருளைக்கூட வீசிவிடாமல் பொறுமையாகச் சரிசெய்து, 2015-ல் படத்தை மீட்டார்கள். அதற்குப் பெயர் திருப்பணி.

இங்கே பல இடங்களில் நடப்பது வேறு. "4கே ரீமாஸ்டர்" என்று போஸ்டரில் போட்டால் போதும், எதிலிருந்து எடுத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. 4கே என்பது பிரேமின் அளவு மட்டுமே. 720க்கு 576 புள்ளி உள்ள பழைய டிவிடியையும் சாப்ட்வேரில் போட்டு இழுத்து 4கே என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லாத விவரத்தை அந்த சாப்ட்வேர் எங்கிருந்து கொண்டு வரும்? ஊகித்து வரையும். யூடியூபில் கொட்டிக் கிடக்கும் "ஏஐ 4கே" பழைய பாடல்களைக் கவனித்துப் பாருங்கள். நாயகி முகம் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று இருக்கும். பின்னால் இருக்கும் கடைப் பலகை எழுத்து எந்த மொழியிலும் சேராது. கூட்டத்தில் நிற்பவர்களுக்குக் கண் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். பிலிமில் தெரியும் பொடிப்பொடியான துகள் அழுக்கு அல்ல, பிம்பமே அந்தத் துகளால் ஆனது. அதைத் துடைத்தால் தோலின் சுருக்கம், புடவையின் நெசவு எல்லாம் சேர்ந்தே போகும். பணமில்லாமல் நடக்கிற தப்பு என்றும் தள்ளிவிட முடியாது. ஜேம்ஸ் கேமரூனின் ஏலியன்ஸ், ட்ரூ லைஸ் படங்களின் 4கே பதிப்புகள் 2023-24-ல் வந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் திட்டியது இந்த மெழுகு முகத்துக்காகத்தான்.

அடுத்தது தந்திரக் காட்சி. "பழைய கிராபிக்ஸ் சிரிப்பாக இருக்கிறது, மாற்றினால் என்ன தப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. சினிமாவில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸே இல்லாத 1957-ல் மாயாபஜாரை ஒளிப்பதிவு செய்தவர் மார்கஸ் பார்ட்லி. கடோத்கஜனின் மாயங்கள் எல்லாம் கேமராவும் பிலிமும் வைத்துச் செய்தவை. அந்தப் படகுப் பாட்டின் நிலவொளிக்காகவே அவர் பேர் இன்னும் நிற்கிறது. கறுப்பு வெள்ளையில் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று கணக்குப் போட்டு செய்த நிலா அது. 2010-ல் தெலுங்குப் பதிப்புக்கு வண்ணம் பூசி வெளியிட்டார்கள். படம் நன்றாகவே ஓடியது. ஆனால் அந்த நிலா பார்ட்லி செய்த நிலா இல்லை. இரட்டை வேடக் காட்சியில் திரைக்கு நடுவே லேசாகத் தெரியும் கோடும் அப்படித்தான். அந்தக் கோடுதான் அந்த வித்தையை ஒரு மனிதன் கையால் செய்தான் என்பதற்குச் சாட்சி.

கர்ணன் (1964) விஷயத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2012 மார்ச்சில் டிஜிட்டலாக வந்து சக்கைப்போடு போட்டது. சிவாஜியைத் தியேட்டரில் பார்த்தே இராத ஒரு தலைமுறை டிக்கெட் வாங்கிப் பார்த்தது. அதற்கு ஒரு பெரிய கும்பிடு. ஆனால் சினிமாஸ்கோப்பாக்கி வெளியிட்டார்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. கிட்டத்தட்ட சதுரமான பழைய பிரேமை அகலத்திரைக்குக் கொண்டுபோக இரண்டே வழி. ஒன்று, ரப்பர் மாதிரி இழுத்து ஆளைக் குண்டாக்குவது. இரண்டு, மேலும் கீழும் வெட்டுவது. முழுக்க வெட்டினால் நூற்றுக்கு நாற்பது பங்கு படம் காலி. கிரீடம் வைத்த ராஜாக்கள் நிறைந்த படத்தில் தலைக்கு மேல் வெட்டுவது என்ன நியாயம்?

"எடுத்தவரே மாற்றினால்?" நல்ல கேள்வி. பாபா (2002) படத்தை ரஜினியே புதிதாக டப்பிங் பேசி, வெட்டிச் சுருக்கி, கிளைமாக்ஸை மாற்றி 2022-ல் வெளியிட்டார். ஜார்ஜ் லூகாஸ் 1997-ல் ஸ்டார் வார்ஸில் புதுக் காட்சிகளைச் செருகினார். அது அவர்கள் உரிமை. ஆனால் லூகாஸ் மாற்றிய படத்தை மட்டும் மினுக்கிவிட்டு, பழையதை 2006-ல் டிவிடி ஓரத்தில் மட்டமான தரத்தில் போட்டார். 2011 புளூரேயில் அதுவும் இல்லை. ஸ்பீல்பெர்க்கைப் பாருங்கள். இ.டி. படத்தில் போலீஸ் கையில் இருந்த துப்பாக்கியை 2002-ல் வாக்கி டாக்கியாக மாற்றினார். பிறகு தப்பு என்று ஒத்துக்கொண்டு பழைய படத்தையே திருப்பிக் கொடுத்தார். ஸ்டார் ட்ரெக் தொடரின் புளூரே (2009) இன்னும் மேல். புது கிராபிக்ஸ், பழைய கிராபிக்ஸ் இரண்டும் ஒரே டிஸ்கில்! ரிமோட்டை அழுத்தி வேண்டியதைப் பார்த்துக்கொள்ளலாம். செலவா பெரிது? மனசுதான் வேண்டும்.

இந்தியச் சட்டமும் படைத்தவன் பக்கம் பெரிதாக நிற்பதில்லை. காப்புரிமைச் சட்டப்படி ஒரு சினிமாவின் 'ஆசிரியர்' தயாரிப்பாளர்தான், இயக்குநர் அல்ல. அந்த உரிமையும் வெளியான ஆண்டு முடிந்து 60 வருஷம் வரைதான். 1964 படங்களுக்கு 2024-ஓடு முடிந்துவிட்டது. 1965 படங்களுக்கு 2025-ஓடு. இனி வருஷா வருஷம் ஒரு கட்டுப் படம் பொதுச்சொத்து ஆகும். யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். மூலம் பத்திரமாக இருந்தால் பயமில்லை. தமிழின் முதல் பேசும்படம் காளிதாஸ் (1931) ஒரு பிரதிகூட இல்லாமல் போன ஊர் இது. இங்கே மாற்றப்பட்ட பிரதி ஒன்றுதான் மிஞ்சும் என்றால் பயப்படத்தான் வேண்டும். பத்து வருஷம் கழித்து அம்பிகாபதி பார்க்கிற பிள்ளைக்கு அவன் பிழைத்துக்கொண்டான் என்பதே கதையாகிவிடும்.

பி.காம் முதல் வருஷப் பாடத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. பேரேட்டில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவு எழுத வேண்டும். தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும். கம்பெனிகளின் கணக்கு சாப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதியே வந்துவிட்டது. பேனா பென்சில் வாங்கிய கணக்குக்கு இருக்கிற பாதுகாப்பு ஒரு சினிமாவுக்கு வேண்டாமா?

கேட்பது இரண்டே இரண்டுதான். ஒன்று, எதிலிருந்து ஸ்கேன் செய்தது, எதை வெட்டியது, எதைச் சேர்த்தது என்று உறையிலும் போஸ்டரிலும் எழுதுங்கள். இரண்டு, புதியதை விற்கிற இடத்தில் பழையதையும் வையுங்கள். அப்புறம் கடோத்கஜனுக்குச் சிறகே முளைக்க வைத்தாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

டிஸ்கி: தூசி, கீறல், இரைச்சல் எடுப்பவர்களுக்கு இந்தத் திட்டு பொருந்தாது. அவர்களுக்கு மாலை போடலாம் :-)